கம்பெனி வூஃபர்

வூஃபர் கெட்டுப்போயிருக்க வேண்டும், மீனாட்சித் தாயே, அது கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சௌந்தரபாண்டி பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெற்ற மகள் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த காரில் பழுது இருக்கணும் என்று சாமியிடம் கேட்கிற அப்பன் இந்த மதுரையில் வேறு எவனாவது இருப்பானா? இருந்தால் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். கார், ஆடியோ கடை வாசலில் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. டிக்கி திறந்திருந்தது, பாட்டின் கனமான கீழ்ச்சத்தத்தைத் தருகிற அந்த வூஃபர் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. காஜா மைதீன் பாதி உடம்பை அதற்குள் விட்டு, ஓரத்துப் பலகையை ஒரு பிளாஸ்டிக் ஆப்பால் நெம்பிக்கொண்டிருந்தான். டக் என்று ஒரு கிளிப் விடுபட்டது. டக், இன்னொன்று. கேட்கிறதே. அத்தனை தள்ளி விடுபடுகிற சுண்டுவிரல் அளவு கிளிப் கேட்கிறது, மேல் கிளிப்பா கீழ்க் கிளிப்பா என்றுகூடச் சொல்லிவிடலாம், பிறகு காதில் என்ன கோளாறு இருக்க முடியும்? "பைய, காஜா. ஒண்ணுகூட ஒடையக் கூடாது." "அண்ணே, நானென்ன நேத்துப் பொறந்தவனா? வெளிய பாத்தா கம்பெனி, உள்ள நம்ம சரக்கு. அந்தச் சல்லடை மூடி, அதுல இருக்கிற எழுத்து, எல்லாம் அப்படியே இருக்கும். ஒயரைக்கூட வெட்ட மாட்டேன், ஒயர் முனையில இருக்கிற கப்ளரைக் கழட்டி கப்ளரை மாட்டுறதுதான். பெத்தவளே வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது." பெத்தவள் இல்லையப்பா, பெற்ற மகள், அவள் பார்த்துத்தான் கண்டுபிடிக்கக் கூடாது என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். கணக்கு ரொம்பச் சுலபம். புது வூஃபரை மாட்டியதும் அடி கேட்டுவிட்டால் பழையது சொத்தை, காது தப்பித்தது. கேட்காவிட்டால். அந்த வாக்கியத்தை அவர் ஒரு தடவையும் முடித்ததில்லை, அங்கே வந்ததும் மனசு வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும், இப்போது டீக்கடை பாய்லரின் உஸ் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. உஸ் கேட்கிறது. அதுவும் கேட்கிறது.

அடி என்பது அவர்கள் குழுவின் சொல். டேவிட்டின் மெல்லிசைக் குழுவில் பேஸ் என்று யாரும் சொல்வதில்லை, பாட்டுக்கு அடி வேணும், அடி இல்லாத பாட்டு கால் இல்லாத கட்டில் என்பார் டேவிட், மேடைக்கு எதிரே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்கார்ந்து அந்த அடியை அளந்து போடுகிற ஆள் சௌந்தரபாண்டி. ஊர் வைத்த பேர் சவுண்டு சௌந்தரபாண்டி. நோட்டீஸில்கூடக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒலியமைப்பு என்று போட்டு அந்தப் பேரையே போடுவார்கள். மகள் லோசனி பெங்களூரில் வேலைக்குப் போனாள், ஒரு நாள் லீவில் வந்தவள் கிளம்புங்கப்பா என்று ஷோரூமுக்குக் கூட்டிப்போனாள், அங்கே டை கட்டின பையனிடம், கீழ் மாடல் வேண்டாம், வூஃபரோட வர்ற மேல் மாடல்தான் வேணும், எங்கப்பா சவுண்டு இன்ஜினியர் என்றாள். இன்ஜினியராம். பத்தாவதைத் தாண்டாத மனுஷனை ஒரு வார்த்தையில் இன்ஜினியராக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள், அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆமாம் என்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு அழகர்கோயில் ரோட்டில் வந்தபோது அவள்தான் பாட்டைப் போட்டாள். குரல் வந்தது, வயலின் வந்தது, தபேலாவின் வலது பக்கம் டிங் டிங்கென்று பட்டுப் போல வந்தது, கீழே ஒன்றுமில்லை. தரையே போடாத வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. "அடி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள், வீட்டுப் பிள்ளை, அவளுக்கும் அந்தச் சொல்தான். அவள் முகத்தைப் பார்த்தார். "அருமைம்மா" என்றார். வேறு என்ன சொல்வது, நீ பார்த்துப் பார்த்து வாங்கின சாமானில் உள்ளே சரக்கில்லை என்றா? அன்றைக்கு ஒரு தலையாட்டு ஆட்டினவர்தான், அப்புறம் அவள் போனில் கேட்கும்போதெல்லாம் அருமை அருமை என்று சொல்லி அந்தச் சொல்லே நைந்து போயிற்று. ஆனால் அவளும் அன்றைக்கு விரலால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வந்தாளே. எதற்குத் தட்டினாள்? தபேலாவுக்கா? தபேலாவுக்கு இல்லை, இரண்டு மாத்திரை தள்ளி விழுந்தது அந்த விரல், அங்கே கிடாரின் அடி வரவேண்டிய இடம். பழக்கத்தில் தட்டியிருப்பாள். பாட்டைத் தெரிந்தவள் கேட்காமலேகூடத் தட்டலாம். தட்டலாம்தானே.

"அண்ணே, கழட்டுறதுக்கு முந்தி பழசை ஒரு வாட்டி அடிச்சுப் பாத்துருவமா?" என்று காஜா டிக்கியிலிருந்து தலையை நீட்டினான். "எதுக்கு?" என்றார், சட்டென்று, கோபமாகவே வந்துவிட்டது. "இல்லண்ணே, கேட்டேன். பொதுவா இந்தக் கம்பெனிப் பொட்டி மோசமா இருக்காது." "எனக்குத் தெரியாததா காஜா? கழட்டு." அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான், பாவம், அவன்மேல் எதற்குப் பாய வேண்டும். ஆனால் அடித்துப் பார்க்கக் கூடாது. ஏன் கூடாது? இன்ஜினியர் சொல்லிவிட்டார், கூடாது. டேவிட்கூடத்தான் போன மாதம் சொன்னார், திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்யாணத்தில், இடைவேளையில் பக்கத்தில் வந்து குனிந்து, "பாண்டி, அடி கொஞ்சம் தூக்கலா இருக்குய்யா" என்றார். தூக்கலா? மிக்சரில் அவர் விரல் எங்கே இருந்தது என்று பார்த்தார், எப்போதும் இருக்கிற இடத்துக்கு மேலே, நிறைய மேலே. ஸ்பீக்கர் பெட்டி பழசு, அதான் ஏற்ற வேண்டியிருக்கு என்றார். பெட்டியை மாற்றினார்கள். அப்புறம் செல்லூரில், முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எழுந்து பின்னால் போனாள், பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே போனாள், ஒரு பெரியவர் மிக்சர் பக்கம் வந்து, "தம்பி, நெஞ்சு அடைக்குதுய்யா, கொஞ்சம் குறை" என்றார். வயசான ஆளுக்கு எல்லாம் தூக்கல்தான் என்று சிரித்துக்கொண்டார். தூக்கல், தூக்கல். வீட்டில் மனைவி இந்திராணியிடம் அதே சொல்லை அவர்தான் தினமும் சொல்லுவார், ரசத்தில் உப்பு தூக்கல், புளி தூக்கல், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாக்கு செத்துப்போனவன் சமைச்சாத்தான் உப்பு தூக்கலாகும், எனக்கு நல்லா இருக்கு, தின்னுங்க" என்பாள். நாக்கு செத்துப்போனவன். சமைக்கிறவன் நாக்கு செத்துப்போனால் உப்பை அள்ளி அள்ளிப் போடுவான், அவனுக்கு உறைக்காது, சாப்பிடுகிறவனுக்குத்தான் உறைக்கும். இதை அவர் நினைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, தானாக வந்து வாசலில் நின்றது. போ என்றால் போகவில்லை. டீக்காரரிடம் ஒரு டீ சொன்னார். சர்க்கரை கம்மியா என்று கேட்டார் அவர், தெளிவாகக் கேட்டது. பார், தெளிவாகக் கேட்டது.

காது அடைத்த மாதிரி இருப்பது உண்மைதான், இடது காதில் அதிகம், வலதிலும் இப்போது கொஞ்சம், குளத்தில் முங்கி எழுந்தால் இருக்குமே அப்படி, அதற்கென்ன, மழைக்காலம். உள்ளே ஒரு இரைச்சல் உண்டு, தூரத்தில் தண்ணி மோட்டார் ஓடுகிற மாதிரி. ஒரு மத்தியானம் படுத்துக்கொண்டே, "அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லு, டேங்க் நிரம்பி வழியப் போகுது" என்றார், இந்திராணி, "எந்த மோட்டாரு? கரண்டே இல்லையேங்க" என்றாள். சரி, வேறு தெருவில் ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் வீடே ஒரு சுற்றுச் சுற்றிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், வாந்தி வந்தது, பித்தம் என்றாள் இந்திராணி, இஞ்சிச் சாறு கொடுத்தாள், அடங்கிற்று. பித்தம்தான். காதுக்கும் பித்தத்துக்கும் என்ன? டாக்டரிடம் போகலாம், காதுக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார், போனால் அவர் காதுக்குள் விளக்கை விட்டுப் பார்ப்பார், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்பார், ஊருக்கே சத்தம் போட்டவன் கூண்டுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குவதா தூக்காமல் இருப்பதா என்று முழித்துக்கொண்டு உட்கார வேண்டும், வாசலில் காத்திருக்கிற எவனாவது ஒருத்தன், அட சவுண்டு அண்ணே, நீங்க எங்க இங்கிட்டு என்பான். அது போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், சவுண்டு சௌந்தரபாண்டிக்குச் சவுண்டு கேட்கலையாம். இந்த ஒரு வரியை யார் கேட்டாலும் சிரிப்பார்கள், வேண்டுமென்றுகூட இல்லை, அது அப்படி அமைந்துபோன வரி, அவரே வேறொருத்தனைப் பற்றிக் கேட்டால் சிரித்திருப்பார். அதனால்தான் காஜாவிடம் வந்ததும் முதலில் சொன்னது, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரணும்ப்பா. காதும் காதும். எதைச் சொன்னாலும் இந்தக் காது வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது கொடுத்துக் கேளு, காதுல போட்டுக்காத, காதுல விழுந்துச்சா, ஒரு காதில் வாங்கி, சே, இத்தனை நாள் பேசியபோது இத்தனை காது இருந்ததா இந்தப் பேச்சில்?

காஜா பழைய வூஃபரை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தான், அழுக்குத் துணி விரித்த ஸ்டூல்மேல் வைத்தான், ஊதித் தூசி தட்டினான், நடுவில் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான், அது நல்ல பிள்ளையாக உள்ளே போய் நல்ல பிள்ளையாக வெளியே வந்தது. கிழிசல் இல்லை, கருகின வாடை இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது சௌந்தரபாண்டிக்குப் பிடிக்கவில்லை. எதையாவது சொல்லித் தொலைக்கலாம், சொத்தைதாண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். வெளியே தெரியாது, உள்ளே சுருள் போயிருக்கும் என்று அவரே அதற்குப் பரிந்து பேசினார், மனசுக்குள்தான். வெளியே எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே போயிருக்கும். டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்தார். போன வாரம் இடி இடித்ததே. இதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து அத்தனையும் நினைத்துக்கொண்டிருந்தார் போல, இப்போது வந்துவிட்டது. மாடியில் துணி எடுக்கப் போன நேரம், மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது, பளிச்சென்று மின்னல், இந்திராணி கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், உடம்பு நடுங்கிற்று அவளுக்கு. "மின்னலுக்கா இப்படிப் பயப்படுற?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வானத்தில் யாரோ காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் அவருக்குக் கேட்டது, அவ்வளவுதான், சின்ன இடி என்று நினைத்தார். காலடியில் தளம் மட்டும் அதிர்ந்தது. அவள் பார்த்த அந்தப் பார்வை. அதற்கப்புறம் அவள் அவருக்கு இடது பக்கம் உட்காருவதில்லை, பேச வேண்டுமானால் எழுந்து வலது பக்கம் வருகிறாள், இதைக்கூட இப்போதுதான், இந்த நாற்காலியில், வெறும் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, கண்டுபிடிக்கிறார். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் இஞ்சிச் சாறு கொடுக்கிறாளோ? இல்லை, இல்லை, வூஃபர்தான். இன்னும் கொஞ்ச நேரம். அடுத்த வாரம் லோசனி வருவாள், முன்சீட்டில் உட்காருவாள், பாட்டைப் போடுவாள், கும்மென்று வரும், அவர் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே அருமைம்மா என்பார், அந்த ஒரு தடவை அது பொய்யாக இருக்காது. சாயங்காலம் ஒத்தக்கடையில் கோயில் கச்சேரி இருக்கிறது, வேன் அஞ்சு மணிக்கே கிளம்பிவிடும், அதற்குள் இது தெரிந்துவிட்டால் மிக்சரில் நிம்மதியாகக் கை வைக்கலாம். கை நிறையத் தைரியத்தோடு வைக்கலாம்.

"முடிஞ்சுச்சுண்ணே, வந்து பாருங்க." போய்ப் பார்த்தார். ஓரத்துப் பலகை பழையபடி ஒட்டிக்கொண்டிருந்தது, சல்லடை மூடி அதே இடத்தில், கம்பெனி எழுத்து அதே சாய்வில், கை பட்ட அடையாளமே இல்லை. ஷோரூம் பையன் வந்தாலும் சத்தியம் பண்ணுவான். "கைகாரன்யா நீ" என்றார், நிஜமாகவே சொன்னார். "இருங்கண்ணே, பாட்டு போடுறதுக்கு முந்தி ஒரே சுரமா ஒண்ணு விடுவேன். அடியில இருக்கிற சத்தம் மட்டும். எங்கயாவது பலகை கடகடங்குதான்னு பாக்க." காஜா முன்சீட்டில் உட்கார்ந்து போனை ஒயரில் செருகி எதையோ தேடினான். சௌந்தரபாண்டி டிக்கிக்குப் பக்கத்தில் நின்றார், மிக்சர் முன்னால் நிற்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. பாய்லர் உஸ்ஸென்றது. பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. வேப்பமரத்தில் காக்கா கத்தியது. எல்லாம் கேட்டது. இத்தனையும் கேட்கிற காது. காத்திருந்தார். என்ன தேடுகிறான் இவன், இந்தப் போனை வைத்துக்கொண்டு இவர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே. "போடு காஜா" என்றார். கண்ணைத் திறக்காமலே மறுபடியும், "காஜா, போடுப்பா." "போட்டாச்சேண்ணே" என்றான் காஜா. "ஓடிக்கிட்டுதான இருக்கு."

கண்ணைத் திறந்தார். பின் கண்ணாடியில் வேப்பமரத்தின் நிழல் பிசிறு பிசிறாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல்மேல் கிடந்த திருகாணிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிணிகிணியென்றன, அந்தக் கிணிகிணி கேட்டது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். சௌந்தரபாண்டி கையை நீட்டிச் சல்லடை மூடியின்மேல் வைத்தார். உள்ளங்கையில் அது துடித்தது, தோள் வரைக்கும் ஏறிற்று, நெஞ்சுக்குள் வந்து அடைத்தது, முழுசாக, குறையே இல்லாமல், இவ்வளவு நல்ல அடி, இதைத்தானே இத்தனை நாள் தேடினார், இதோ இருக்கிறது, கை சொல்கிறது இருக்கிறது என்று, காதில் ஒன்றுமே இல்லை. தூரத்து மோட்டார் மட்டும் ஓடுகிறது. முடிக்காமல் வைத்திருந்த வாக்கியம் தானாக முடிந்துகொண்டது. "காஜா" என்றார், "கேக்கலப்பா." "கேக்கலையா? இருங்கண்ணே, ஏத்துறேன்." ஏற்றினான். கண்ணாடி இன்னும் நடுங்கிற்று, திருகாணி ஒன்று ஸ்டூலிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. டீக்கடைக்காரர், "ஏப்பா காஜா, நெஞ்சு வலி வந்துரும்போல, கொற" என்று கத்தினார். சௌந்தரபாண்டி முன்பக்கம் போய் காஜாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏத்தாத. ஏத்த ஏத்த ஒண்ணும் ஆகப்போறதில்ல. உண்மையச் சொல்லு, அந்தப் பழசுல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?" காஜா அவர் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "இல்லண்ணே. அருமையான பீஸு. வந்தப்பவே சொல்ல நெனச்சேன், நீங்க சவுண்டு ஆளு, உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்." "அதையே திரும்ப மாட்டிரு. உன் வேலையில குறையில்ல. எம்மக வாங்கிக் கொடுத்த வண்டியிலயும் குறையில்ல. எனக்குத்தான் கேக்கல."

காஜா போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினான், கண்ணாடி நடுங்குவது நின்றது. வண்டியை விட்டு இறங்கி, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற குரலில், "அண்ணே! டாக்டர்ட்ட! காட்டுனீங்களாண்ணே!" என்றான். டீக்கடையில் எல்லாரும் திரும்பினார்கள். பஞ்சர் கடையில் டயரை உருட்டிக்கொண்டிருந்தவன் நின்றான். காஜாவின் முகத்தில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. சௌந்தரபாண்டி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஒத்தக்கடைக்கு மிக்சரில் உட்கார வேறு ஆள் பார்க்கச் சொல்லி டேவிட்டிடம் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே! கேக்குதா!" என்றான் காஜா மறுபடியும், இன்னும் பலமாக. "கத்தாதப்பா" என்றார் அவர். "நீ பேசுறது நல்லாக் கேக்குது. அதுக்குக் கீழ இருக்கிறதுதான் கேக்கல."